பூஜ்ஜியம் அடித்தால் பதினான்கு

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று அலுவலகத்தில் கேட்டார்கள். முப்பத்தோரு வருட வேலையில் பெருமையாகச் சொல்லிக்கொள்ள நாலைந்து விஷயம் என்னிடமும் உண்டு. அதையெல்லாம் விட்டுவிட்டு, இன்றைக்கும் வெளியே சொல்லக் கூசுகிற ஒரு வாரத்தைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். பெருமைக் கதைகளை இன்னொரு ரிட்டயர்டு ஆளிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் கூட்டத்தில் அதற்குக் குறைச்சலே இல்லை.

அப்போது எங்கள் கம்பெனி அம்பத்தூர் எஸ்டேட்டில் இருந்தது. கீழே கியர் அறுக்கிற பட்டறை, மாடியில் நாங்கள் பதினாறு பேர். பட்டறையில் பெரிய மெஷினை ஓட்டினால் எங்கள் மேஜையில் டீ டம்ளர் தானாக நகரும். அந்த மாடியில் உட்கார்ந்து ஆஸ்பத்திரிகளுக்கு மென்பொருள் செய்தோம். டாக்டர் வார்டைச் சுற்றி வரும்போது கையில் இருக்கும் டேப்லெட்டில் ஒவ்வொரு நோயாளிக்கும் என்ன மருந்து, எவ்வளவு என்று கட்டங்களில் அடிப்பார். நர்ஸ் தன் திரையில் அதைப் பார்த்து மருந்தைக் கொடுத்துவிட்டு டிக் போடுவார். காகிதமே கிடையாது. கொடுக்க வேண்டிய நேரம் தாண்டினால் அந்தக் கட்டம் சிவப்பாகும், சிவப்பானது ஆஸ்பத்திரி மேனேஜர் ஃபோனுக்குப் போகும். அந்தச் சிவப்பு என் யோசனை. அதற்கு எனக்குக் கைதட்டல்கூடக் கிடைத்தது.

எங்கள் உதவி எண்ணுக்கு அலுவலகம் திறப்பதற்கு முன்னால் அழைப்பு வந்தால் அது என் கைபேசிக்கு வரும். ஒரு திங்கட்கிழமை காலை, கொரட்டூரில் ஏறி, பட்டரவாக்கம் தாண்டி, நகராமல் நின்ற ரயிலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது அழைப்பு வந்தது. பூந்தமல்லியில் எங்கள் மென்பொருள் ஓடுகிற ஆஸ்பத்திரி. பேசியவர் ஆண்கள் வார்டு நர்ஸ் ஜெயந்தி.

"மேடம், ஏழாம் நம்பர் பெட் பேஷன்ட்டுக்கு இன்சுலின் பதினாலு யூனிட்னு காட்டுது. அவருக்கு இன்னிக்கு கால்ல ஆபரேஷன், வெறும் வயித்துல இருக்காரு. டாக்டர் தியேட்டர்குள்ள போயிட்டாரு, ஃபோன எடுக்கல. பாக்ஸ் செவப்பாயிடுச்சி. இது கரெக்ட் தானா மேடம்?"

அவருக்கு மருந்தில் சந்தேகம் இல்லை, எங்கள் திரையில்தான் சந்தேகம். அதற்குச் சரியான இடத்தில்தான் கேட்டார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சிஸ்டர், டாக்டர் என்ன அடிச்சாரோ அதுதான் ஸ்க்ரீன்ல வரும். கம்ப்யூட்டர் தானா ஒரு நம்பரை மாத்தாது" என்றேன். எரிச்சலோடு சொன்னேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். ரயில் அப்போதுதான் நகர ஆரம்பித்திருந்தது.

அவர் ஊசியைப் போட்டுவிட்டார்.

நோயாளி மாங்காட்டுக்காரர், திருமழிசையில் ஒரு தொழிற்சாலையில் வாட்ச்மேன். கொஞ்ச நேரத்தில் ரத்தத்தில் சர்க்கரை இறங்கி, உடம்பெல்லாம் வியர்த்து, பேச்சு குழறி, நினைவு தப்பிப் போயிருக்கிறார். குளுக்கோஸ் ஏற்றி மீட்டுக்கொண்டு வந்தார்கள். பிழைத்தார். கால் ஆபரேஷன் தள்ளிப் போனது. இந்தச் செய்தி மத்தியானம் என் காதுக்கு வந்தபோது என் முன்னால் சாப்பாட்டு டப்பா திறந்திருந்தது. அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

டாக்டர் வெளியே வந்து, "நான் பூஜ்ஜியம்தான் போட்டேன்" என்றார். எங்கள் பதிவில் பதினான்கு என்று இருந்தது, டாக்டர் பெயரோடு, நேரத்தோடு. இரண்டில் ஒன்று பொய். டாக்டரைப் பொய்யர் என்று ஆஸ்பத்திரி சொல்லாது. கம்ப்யூட்டரைப் பொய் என்று சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. அப்படியானால் நடுவில் யாரோ மாற்றியிருக்க வேண்டும். டாக்டர் டேப்லெட்டை வார்டு மேஜையில் வைத்துவிட்டுப் போயிருந்தார், பக்கத்தில் இருந்தது ஜெயந்தி. முடிந்தது கணக்கு. பூட்டாத டேப்லெட்டில் கை வைத்தார், சந்தேகம் வந்தும் யாரிடமும் கேட்கவில்லை என்று இரண்டு குற்றம். வியாழக்கிழமை விசாரணை, அன்றே வேலையை விட்டு அனுப்புகிற கடிதம். நர்ஸ் கவுன்சிலுக்கும் எழுதப்போவதாகப் பேச்சு. எழுதிவிட்டால் அவர் அப்புறம் எந்த ஊரிலும் ஊசி பிடிக்க முடியாது.

"நான் கம்பெனிக்கு ஃபோன் பண்ணி கேட்டேன்" என்று ஜெயந்தி எழுதிக் கொடுத்திருந்தார். எங்கள் முதலாளி செவ்வாய்க்கிழமை எல்லோரையும் கூப்பிட்டு, "அப்படி ஏதாவது கால் வந்துச்சா?" என்று கேட்டார். உதவிப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "எதுவும் பதிவாகல சார்" என்றார்கள். பதிவாகாது. அதை எழுத வேண்டியவள் நான், ரயிலை விட்டு இறங்கியதும் மறந்துவிட்டேன். முதலாளி கேட்டபோது அவருக்கு எதிரே, மூன்றடி தூரத்தில் நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

பயம்தான். அதற்கு வேறு பெயர் வைத்து உங்களை ஏமாற்ற மாட்டேன். 'எப்படியும் கம்ப்யூட்டர் மாற்றியிருக்காது, அந்தப் பெண்தான் ஏதோ செய்திருக்கிறாள், நான் ஃபோனில் சொன்னதும் சரிதான்' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்று மாலையே சோதித்தும் பார்த்தேன். புதிதாக ஒரு நோயாளி பெயரைப் போட்டு இன்சுலினில் பூஜ்ஜியம் அடித்தேன். பூஜ்ஜியம்தான் வந்தது. 'மென்பொருளில் பிழை இல்லை' என்று அறிக்கை எழுதிக் கையெழுத்தும் போட்டேன். ஒரே ஒரு தடவை அடித்துப் பார்த்துவிட்டு ஒரு பெண்ணின் தலையெழுத்தில் கையெழுத்துப் போட்டேன் என்பது இப்போது எழுதும்போதுதான் முழுசாக உறைக்கிறது.

புதன்கிழமை, விசாரணைக்காகப் பதிவுகளின் நகலை எடுக்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். வார்டு வாசலில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் என் கழுத்தில் இருந்த அட்டையைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார். ஏழாம் நம்பர் நோயாளியின் மனைவி.

"இன்னா மேடம், நீங்கதான் கம்ப்யூட்டர்காரங்களா?"

திட்டப் போகிறார் என்று நினைத்து, "ஆமாம்மா" என்று இழுத்தேன்.

"அந்த நர்ஸு பொண்ண வேலைய உட்டுத் தூக்கப்போறாங்களாமே, நெசமா? அது இன்னாம்மா பண்ணும்? என் ஊட்டுக்காரரு வேத்து உயுந்தப்போ குளுகோஸ ஏத்திகினு, கால தேச்சிகினு, அயுதுகினே நின்னுச்சி. ஊசி போடறதுக்கு மின்னாடியும் எங்கயோ போன் பண்ணிகினே கீது. யாரோ போடுன்னு சொன்னாங்களாம், அப்பால தான் போட்டுச்சி."

அந்த 'யாரோ' அவர் எதிரிலேயே நின்றுகொண்டிருந்தது. பேச்சை மாற்றுவதற்காக, "திங்கக்கிழமை காலையில டாக்டர் வந்து என்ன சொன்னாரும்மா?" என்று கேட்டேன்.

"இன்னிக்கி ஊசி கெடியாதுன்னாரு. சொல்லிட்டு அந்தப் பலகையில முட்ட போட்டாரு. நான் பக்கத்துலதான் நின்னுகினு இருந்தேன், பாத்தேன்."

"நல்லா பாத்தீங்களா?"

"எனக்கு எழுத்து தெரியாது மேடம். முட்ட கூடவா தெரியாது?"

படியிறங்கும்போதே கணக்குப் போட்டுப் பார்த்தேன். டாக்டர் பொய் சொல்லவில்லை. நர்ஸ் ஃபோன் செய்தது எனக்கே தெரியும். எண்ணைத் தானே மாற்றியவள் எதற்காக ஃபோன் போட்டுக் கேட்கப்போகிறாள்? மிச்சம் இருப்பது நாங்கள் மட்டும்தான்.

பஸ்ஸைப் பிடித்து அம்பத்தூருக்குத் திரும்பி, பையைக்கூடக் கீழே வைக்காமல் பாலாஜியைக் கூப்பிட்டேன். எங்கள் குழுவில் படிவங்களைக் கவனித்துக்கொண்டவன் அவன். "புது பேஷன்ட் வேண்டாம். ஏழாம் நம்பர்காரரோட பழைய விவரத்தை அப்படியே டெஸ்ட் மெஷின்ல போடு. ஞாயித்துக்கிழமை அவருக்குப் பதினாலு இருந்துச்சில்ல? இப்ப திங்கட்கிழமைக்கு ஜீரோ அடி" என்றேன்.

அடித்தான். சேமித்தான். திரும்பத் திறந்தான். பதினான்கு.

"மேடம், நான் ஜீரோதான் அடிச்சேன்" என்றான் பாலாஜி. டாக்டர் சொன்ன அதே வார்த்தை. இன்னொரு தடவை அடித்தான். பதினான்கு. நான் அவனைத் தள்ளிவிட்டு உட்கார்ந்து அடித்தேன். எனக்கும் பதினான்குதான். நாங்கள் இரண்டு பேரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். கீழே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

டாக்டர்களுக்குத் தினமும் ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடிக்க அலுப்பாக இருக்கிறது என்பதால், காலியாக விட்ட கட்டத்தில் முந்தைய நாள் அளவைத் தானாக நிரப்பும் வசதியைச் செய்து கொடுத்திருந்தோம். செய்து கொடுத்தோம் என்பதுகூடப் பெரிய வார்த்தை. இணையத்தில் தேடி, யாரோ எழுதிப் பொதுவில் போட்டிருந்த நிரல் துண்டு ஒன்றை, ஒரு லைப்ரரியை, கண்டுபிடித்து, இறக்கிச் சேர்த்துவிட்டோம். சேர்த்தவன் பாலாஜி, சரி என்று சொன்னவள் நான். 'உள்ளே என்ன இருக்கிறது?' என்று நான் அவனைக் கேட்கவில்லை. 'எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள்?' என்றுதான் கேட்டேன். நிறையப் பேர் என்றான். நிறையப் பேர் பார்த்திருப்பார்கள், அதனால் நான் பார்க்க வேண்டாம் என்று முடிவு செய்தேன். அந்த நிறையப் பேரும் அப்படியே நினைத்திருப்பார்கள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

அன்றைக்குத்தான் முதன்முதலாக அதைத் திறந்தேன். பதினோரு வரி. நீங்கள் டீயை ஆற்றிக் குடிக்கிற நேரத்தில் இரண்டு தடவை படித்துவிடலாம். மூன்றாவது வரியில் அந்த இரண்டு செங்குத்துக் கோடுகள். நம் எல்லோருக்கும் கை போகிற போக்கில் வருமே, 'இது இருந்தால் இதை எடு, இல்லாவிட்டால் அதை எடு' என்று, அதுதான். நாங்கள் எழுதிய கணினி மொழியான ஜாவாஸ்கிரிப்டுக்கு அந்த இடத்தில் பூஜ்ஜியமும் 'இல்லை'தான், காலியும் 'இல்லை'தான். டாக்டர் பூஜ்ஜியம் அடித்ததும் அது 'இங்கே ஒன்றும் இல்லை' என்று எடுத்துக்கொண்டு நேற்றைய பதினான்கை வைத்துவிட்டது. நான் சோதித்த புது நோயாளிக்கு நேற்று என்று ஒன்று கிடையாது, அந்த இடத்திலும் பூஜ்ஜியம்தான் இருந்தது, அதனால் பிழையும் தெரியவில்லை.

அதைவிட, அதை எழுதியவன் மேலே வைத்திருந்த குறிப்புதான் என்னைத் தூக்கிவாரிப்போட்டது. தன் கல்லூரிக் கேன்டீன் ஆர்டர் படிவத்துக்காக எழுதினானாம். 'எதுவும் நிரப்பாவிட்டால் போன தடவை வாங்கியதே வரும். பூஜ்ஜியமும் காலி என்றே கொள்ளப்படும், பூஜ்ஜியம் காபியை யாரும் கேட்கப்போவதில்லை' என்று ஆங்கிலத்தில், தெளிவாக, எழுதி வைத்திருந்தான். அவன் எதையும் மறைக்கவில்லை. கேன்டீனுக்கு அது சரியும்கூட. ஒரு மாணவன் காபிக்காக எழுதியதை எடுத்து, படித்தும் பார்க்காமல், மனிதர்களின் இன்சுலினில் வைத்தது நாங்கள். பிறகு அவனுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். 'ஆஸ்பத்திரியிலா? தயவுசெய்து உடனே எடுத்துவிடுங்கள்' என்று ஒரே வரி பதில் வந்தது. அவனுக்கும் அதிர்ச்சிதான்.

முதலாளியிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு, அன்று மாலைக்குள் அந்த லைப்ரரியை நீக்கினோம். இன்சுலினில் பூஜ்ஜியம் பூஜ்ஜியமாக நின்றது.

வியாழக்கிழமை காலை முதலாளியோடு காரில் பூந்தமல்லிக்குப் போனேன். கெட்ட மனிதர் இல்லை, பதினாறு குடும்பத்தின் சோறு அவர் தலையில் இருந்தது. "சின்னதா ஒரு அப்டேட் பண்ணோம், இப்ப சரியாயிடுச்சுன்னு மட்டும் சொல்லுங்க. லைப்ரரி அது இதுன்னு உள்ளே போவாதீங்க" என்றார்.

"அப்படிச் சொன்னா அந்தப் பொண்ணுக்கு வேலை போயிடும் சார்."

"அது அவங்க ஆஸ்பத்திரி விஷயம்மா. நம்ம கம்பெனிய மூடிட்டா இத்தன பேர் எங்க போவாங்க?"

மிச்ச வழியெல்லாம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

விசாரணை அறையில் மேனேஜர், டாக்டர், முதலாளி, நான். மேஜையின் கடைசியில் ஜெயந்தி, சீருடை இல்லாமல், சுடிதாரில். அவரை அன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன். முப்பது வயதுகூட இருக்காது. மேனேஜர் முன்னால் அச்சடித்த கடிதம் தயாராக இருந்தது. என்னைப் பேசச் சொன்னார்கள்.

"டாக்டர் ஜீரோதான் அடிச்சார். எங்க மென்பொருள் அதை மாத்திடுச்சு. சிஸ்டர் எதையும் தொடல" என்றேன். லைப்ரரி, கேன்டீன், எல்லாவற்றையும் சொன்னேன். முதலாளி தலையைக் குனிந்துகொண்டார். டாக்டர் இரண்டு கையையும் மேஜையில் ஊன்றி, "காபி ஆர்டருக்கு எழுதினதா?" என்று கேட்டுவிட்டு அப்படியே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேனேஜர் மட்டும் கடிதத்தை விடவில்லை. "சரி, மாத்தலன்னே வெச்சிக்குவோம். சந்தேகம் வந்துச்சில்ல? கேட்டிருக்கணும்ல? கேட்டேன்றாங்க, ரெக்கார்டே இல்லையே" என்றார்.

"கேட்டேன் சார். ஒரு மேடம் தான் எடுத்தாங்க" என்றார் ஜெயந்தி. என் குரல் அதற்குள் அவருக்கு அடையாளம் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை, மேஜையைத்தான் பார்த்தார்.

"எடுத்தது நான்தான் சார்" என்றேன். "ஸ்க்ரீன்ல இருக்கறதுதான் சரின்னு சொன்னதும் நான்தான். பதிவேட்டுல எழுதல. செவ்வாய்க்கிழமை எங்க சார் கேட்டப்பவும் சொல்லல. அவங்க கேக்க வேண்டிய இடத்துல கேட்டாங்க."

மேனேஜர் கடிதத்தை எடுத்து இரண்டாகக் கிழித்தார், பிறகு நாலாக. ஜெயந்தி துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். இதோடு முடிந்தது என்று நினைத்தேன். உங்களிடம் மறைப்பானேன், உண்மையைச் சொல்லிவிட்டோமே என்று உள்ளுக்குள் கொஞ்சம் மிதப்பாகவும் இருந்தது.

ஜெயந்தி எழுந்து என் பக்கத்தில் வந்தார். "இப்ப சரியாயிடுச்சா மேடம்?"

"ஆயிடுச்சு சிஸ்டர். அந்த லைப்ரரியையே தூக்கிட்டோம்."

"நான் ஒரு தடவ பாக்கட்டா?"

என் மடிக்கணினியைத் திருப்பி வைத்தேன். இன்சுலினில் பூஜ்ஜியம் அடித்தார். பூஜ்ஜியம் வந்தது. நான் தலையாட்டினேன். அவர் அதோடு நிறுத்தவில்லை. கீழே நகர்ந்து, டிரிப் எவ்வளவு வேகத்தில் இறங்க வேண்டும் என்கிற கட்டத்துக்குப் போய், அதிலும் பூஜ்ஜியம் அடித்தார். டிரிப்பை நிறுத்து என்று அர்த்தம். சேமித்தார். அந்தக் கட்டத்தில் அறுபது என்று வந்து நின்றது.

அந்தக் கட்டத்துக்கும் நாங்கள் நீக்கிய லைப்ரரிக்கும் சம்பந்தமே கிடையாது. எந்த வரியை யார், எப்போது எழுதினார்கள் என்று காட்டும் பட்டியலைத் திறந்தேன். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதே இரண்டு செங்குத்துக் கோடுகள், கோட்டுக்கு அந்தப் பக்கம், காலியாக விட்டால் வர வேண்டிய அறுபது. வேறு யாரிடமிருந்தும் இறக்கியதல்ல. மூன்று வருடத்துக்கு முன்னால், எங்கள் மாடியில் உட்கார்ந்து எழுதியது. வரிக்குப் பக்கத்தில் என் பெயர்.

"யாரு எழுதினது?" என்று டாக்டர் கேட்டார்.

"நான்."

"எத்தனை நாளா இப்படி?"

"மூணு வருஷமா" என்றேன். இந்த ஒரு ஆஸ்பத்திரியில் மட்டும் ஒரு நாளைக்கு எத்தனை டிரிப்பை நிறுத்தச் சொல்லியிருப்பார்கள்? எப்படி இதுவரை யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை? என் வாயிலிருந்து சத்தமாகவே வந்துவிட்டது அந்தக் கேள்வி.

"டிரிப்ப நிறுத்தச் சொன்னா நாங்க பாட்டில்ல ஒரு பிளாஸ்திரி ஒட்டி, பேனாவால 'நிறுத்து'ன்னு எழுதிடுவோம் மேடம்" என்றார் ஜெயந்தி. "எல்லா வார்டுலயும் அப்படித்தான். புதுசா வர்ற நர்ஸுக்கு மொத நாளே சொல்லிடுவோம், டிரிப்புக்கு ஸ்க்ரீன பாக்காத, பிளாஸ்திரிய பாருன்னு."

"ஏன் சிஸ்டர் எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

கோபமே இல்லாமல், கொஞ்சம் ஆச்சரியத்தோடு என்னைப் பார்த்தார். "நீங்கல்லாம் படிச்சவங்க, தெரிஞ்சுதான் அப்படி வெச்சிருக்கீங்கன்னு நெனச்சோம் மேடம்."

நாற்காலியை இழுத்துப் போட்டு அவருக்கு இடம் கொடுத்தேன். முதல் கட்டத்திலிருந்து ஆரம்பித்து, ஒவ்வொன்றிலும் அவர் பூஜ்ஜியம் அடிக்க, நான் எழுதிக்கொண்டேன்.